பொட்டு வைத்த மரக்கால்கள்

என் பெயர் வெள்ளைத்தாய், வயது 41, கணவர் பெயர் சோணைமுத்து, விஸ்வநத்தம் கிழக்குத் தெருவில் குடியிருக்கிறேன். எனக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். நான் சொல்லச் சொல்ல ஏட்டையா எழுதுகிறார்.

நானும் என் மகள் வீரலட்சுமியும் எங்கள் ஊரில் பட்டாசுப் பெட்டி ஒட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்து வந்தோம். கீழே ஒட்டிய பெட்டிகளை இரும்புப் படி வழியாக மாடிக்குக் கொண்டுபோய்க் காயவைப்போம். இந்த 2006-ஆம் வருடம் தீபாவளி சீசன் நேரத்தில் அந்தப் படியின் கைப்பிடி துருப்பிடித்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. படிக்கு அடியில் காகிதக் கட்டுகள் இருப்பதால் வெல்டிங் வைக்க முடியாது, இப்போது நகர்த்தவும் முடியாது என்று போர்மேன் சங்கரலிங்கம் சொல்லி, தச்சு வேலை பார்க்கும் என் கணவரை மரத்தில் கைப்பிடி போட்டுத் தரச் சொன்னார்.

அதன் பிறகு என் கணவர் வேப்பமரத்தில் கைப்பிடியைத் தாங்கும் கால்கள் இழைத்து, படியின் பக்கத் தகட்டில் துளை போட்டு, போல்ட் கொடுத்து நிறுத்தினார். ஒரு காலுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போல்ட் வேண்டும். கம்பெனியில் கொடுத்ததில் பாதிக்கு நீளம் பத்தவில்லை. அதனால் எல்லாக் கால்களும் ஒற்றைப் போல்ட்டில் நின்றன. படியை மறித்துக் கயிறு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிடும்போது மகளிடம், "ஏத்தா, கம்பு சும்மாதான் நிக்குது, ஆளு சாஞ்சா அதுவும் சேந்து சாயும், ஏறிராத" என்றார். அவள், "அப்பப் பெட்டியெல்லாம் றெக்கை மொளச்சா மாடிக்குப் போகும்?" என்று கேட்டுச் சிரித்தாள். "பின்னால ஏணி இருக்குல்ல, வாயாடி" என்றார்.

என் கணவர் கதவு நிலையோ கட்டிலோ எது செய்தாலும், வேலை முற்றாக முடிந்த பிறகுதான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைப்பார். இது என் மகளுக்குச் சிறுபிள்ளையிலிருந்தே தெரியும்.

மறுநாள் ஆயுத பூசை. என் கணவர் நீள போல்ட் வாங்கக் காலையில் மகள் எழுந்திரிப்பதற்கு முன்பே சிவகாசிக்குப் போய்விட்டார். கம்பெனியைக் கழுவி, கத்தரி, மெஷின், பசை வாளி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். சங்கரலிங்கம், செல்லச்சாமி என்ற வேலையாளைக் கூப்பிட்டு, "ஏலே, மொதலாளி வாராக. அந்தக் கயித்த அவுத்து எறி, எளவு வீடு மாதிரி இருக்கு. கம்புகளுக்கும் பொட்ட வையி" என்று சொல்லியிருக்கிறார். இதைச் செல்லச்சாமியே ஆஸ்பத்திரியில் என் காலைப் பிடித்து அழுதுகொண்டு சொன்னான். அந்த நேரம் நான் குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நான் உள்ளே வந்து பார்த்தபோது கயிறு இல்லை. என் மகள் தலையில் பெட்டிக் கட்டோடு படியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தாள். "ஏத்தா, எறங்கு" என்று சத்தம் போட்டேன். அவள், "அப்பா வேலைய முடிச்சிட்டாரும்மா, பொட்டு வச்சிருக்காரு பாரு" என்று சொல்லி, எனக்குக் காட்டுவதற்காக மரக்காலைப் பிடித்துச் சாய்ந்தாள். மரக்கால் சத்தமில்லாமல் சாய்ந்தது. பெட்டிகள்தான் சத்தம் போட்டன. கீழே சிமெண்டுத் தரை. அவள் உள்ளங்கை சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று துடைத்துப் பார்த்தேன், குங்குமம். ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்துவிட்டாள்.

அதன் பிறகு போல்ட் பையோடு திரும்பி வந்த என் கணவரை, கைப்பிடி போட்டவர் என்று போலீசார் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். மகளுக்கு மண் அள்ளிப் போட அவர் இல்லை. நேற்றுச் சங்கரலிங்கம் என் வீட்டுக்கு வந்து, "ஒன் புருசன் அரைகுறையா வேலை பாத்துட்டான்னு எழுதிக் குடுத்துரு, நாங்க வெளிய எடுத்துருவோம். ஒங்க சனம் பூராவும் எங்ககிட்டதான வேலைக்கு வருது, யோசிச்சுக்க" என்றார். அவர் இப்படிச் சொன்னதை எழவுக்கு வந்தவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அப்படி எழுதிக் கொடுக்க மாட்டேன்.

அவர் வாங்கி வந்த பை இந்த ஸ்டேஷனில்தான் இருக்கிறது. பிரித்துப் பாருங்கள், நீள போல்ட் இருக்கும். முடித்த வேலைக்கு யாரும் போல்ட் வாங்கப் போக மாட்டார்கள்.

இன்று வரும் வழியில் கம்பெனியைப் பார்த்தேன். சாய்ந்த காலை மட்டும் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மற்றக் கால்களில் பொட்டு அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் பெட்டி சுமந்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள். என்னை விசாரிப்பது இருக்கட்டும், முதலில் ஆள் அனுப்பி அந்தக் கயிற்றைக் கட்டச் சொல்லுங்கள்.

ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடிதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
சோ. வெள்ளைத்தாய்