உறுமாத நாய்

“மந்திரிக்கு என்னைக் கண்டாலே ஆகலையே அக்கா,” என்றார் அவர்.

“பழக்கம் இல்லை, அவ்வளவுதான். நீங்க போட்ட சட்டை ஒண்ணைத் துவைக்காம குடுங்க தம்பி.”

“துவைக்காமலா? லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி ஏறின சட்டைக்கா. நானே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுதான் கழட்டுவேன்.”

“உங்களுக்கு அது நாத்தம். மந்திரிக்கு அதுதான் உங்க முகம்.”

சிரித்தார். மறுநாளே ஒரு நீலச் சட்டையைப் பையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

நான் சொன்ன யோசனை சரியானதுதான். பதினாறு வருடமாக நாய்களைப் பழக்குவது என் தொழில். புது மனிதர் வீட்டோடு சேருவதற்கு முன் அவருடைய வாசனை வந்து சேர வேண்டும். சட்டையைக் காட்டியதும் ஒரு துண்டு கறி கொடுக்க வேண்டும். பத்து நாளில் அந்த மனிதர் என்றாலே கறி என்று நாய்க்குப் பதிந்துவிடும்.

மந்திரி என் தங்கையின் நாய். சோபா மூலையில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களை மேலும் கீழும் அளந்து பார்ப்பதால் அவள் வைத்த பெயர். சட்டை கொடுத்தவர் லிஃப்ட் மெக்கானிக், அவள் கட்டிக்கொள்ளப் போகிறவர். கல்யாணம் ஆனதும் மந்திரியோடு அவருடைய ஊருக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. ரயிலில் ஒரு முழுப் பகல் தூரம்.

“இது அவரை ஏத்துக்கலைன்னா நான் எப்படிப் போவேன்? நீதான்க்கா பழக்கிக் குடுக்கணும்,” என்றாள்.

அவள் சொன்னதில் முதல் பாதியைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. பிறகு எங்கள் வீட்டில் வேறு யாரும் இருந்ததில்லை.

அவள் வேலைக்குக் கிளம்பியதும் மந்திரியைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவேன். சட்டையை அதன் முகத்துக்கு நேரே தொங்கவிடுவேன். கறிக்குப் பதிலாக இரண்டு தட்டுகளை அதன் காதருகே மோதுவேன். தினம் பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் நாய் சோர்ந்துவிடும், பாடம் ஏறாது. மூன்றாம் நாள் சட்டையைக் கண்டதும் உறுமியது.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: நாய் உறுமினால் அதட்டாதீர்கள். தள்ளி நில் என்று அது மரியாதையாகச் சொல்வதுதான் உறுமல். அதை அடக்கினால் பயம் போகாது, சத்தம் மட்டும் போகும். பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடிக்கும்.

மந்திரி உறுமியபோதெல்லாம் கழுத்துப் பட்டையை இழுத்து அதட்டினேன். ஐந்து வாரம் ஆயிற்று. கடைசி வாரத்தில் அதனிடமிருந்து சத்தமே வரவில்லை. உதட்டை நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, அசையாமல் இருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் சாந்தமான நாய் என்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வந்தார். மந்திரி இருந்த இடத்திலேயே இருந்தது.

“பாருங்களேன், பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உக்காந்திருக்கு. எல்லாம் அக்கா கைராசி,” என்றாள் தங்கை. “தடவிக் குடுங்க, ஒண்ணும் பண்ணாது.”

அவர் என்னைப் பார்த்தார். தொழில் தெரிந்தவள் நான்தானே. சும்மா தடவுங்கள் என்பதுபோல் தலையசைத்தேன்.

குனிந்து கையை நீட்டினார். வலது கை. அதில் இரண்டு விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். கன்னத்தில் பதினொரு தையல்.

மந்திரியைக் கால்நடை மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். உட்கார் என்றேன், உட்கார்ந்தது. உயிரை முடிக்கும் ஊசி இறங்கும்போது, நல்ல பிள்ளை என்று சொன்னேன். அதில் பொய் இல்லை.

“நான்தானே தடவச் சொன்னேன்,” என்று இரண்டு மாதமாகத் தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மேல் பிரியம் கூடிவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு நாய்களைப் பற்றித்தான் தெரியும். போன வாரம் கல்யாணத் தேதியை ஒரு மாதம் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இல்லாத பழியைச் சுமந்துகொண்டு அவள் வாழப் போகக் கூடாது. அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்குப் போனேன். வேறு காரணம் இல்லை.

இதையெல்லாம் இதே வரிசையில் சொன்னேன். அதிகாரி எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தங்கையை வரவழைத்து, உள்ளே உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். அவள் அழவில்லை. நடுவில் ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. படித்து முடித்ததும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இன்னும் ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டாள். அக்கா என்று சேர்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வார்த்தைகளைக் கோத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“போகாதடி,” என்றேன். “என்கூடவே இருந்துடு.”