கடல்கன்னி பிறந்தநாளுக்கு வந்த பத்தொன்பது பேர்

ஏழு வயதுக் குழந்தைகள் கேக்கைச் சாப்பிடுவதில்லை, மேலே இருக்கும் கிரீமை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு எழுந்து ஓடிவிடுகிறார்கள் என்பதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அந்த மூன்று அடுக்குக் கேக்குக்காக ஆறு வாரம் அலைந்தேன். கடைசியில் மேசை நிறைய மொட்டைக் கேக்குத் துண்டுகள்தான் மிச்சம். அதில் ஒன்றை உங்கள் போலீஸ்காரர் ஒருவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "நல்லா இருக்குங்க" என்றார். அந்த நேரத்திலும் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று புரிந்துகொள்ள உங்களுக்கு உதவும்.

என் பெயர் ப்ரிட்டா ஹால்வர்சன். வக்கீல் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். காபியும் வேண்டாம்.

கதை என் மகள் மேபெலின் ஆறாவது பிறந்தநாளில் தொடங்குகிறது. பன்னிரண்டு குழந்தைகளைக் கூப்பிட்டிருந்தேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி என் நாத்தனார் மகள், வந்துதான் ஆக வேண்டும். இன்னொரு பையன் பக்கத்து அறையில் நடந்த வேறொரு பிறந்தநாளுக்கு வந்தவன், கதவு மாறிவிட்டான். மேபெலுக்கு ஒரு வருத்தமும் இல்லை. கதவு மாறி வந்தவனோடு இரண்டு மணி நேரம் விளையாடினாள். எனக்குத்தான் தொண்டையில் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. பள்ளிப் பெற்றோர் சங்கத்தில் எல்லாமுமாக இருக்கும் ஜோலீன் கடைசியில் எட்டிப் பார்த்து, "சின்னதா, அழகா பண்ணியிருக்க" என்றாள். அந்தச் 'சின்னதா'வை ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தேன். அதை விட்டெறிந்திருந்தால் நாம் இருவரும் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

அதற்கு அடுத்து வந்த மார்ச்சில் மேபெலின் வகுப்பில் ஓபல் வந்து சேர்ந்தாள். தெற்கு டகோட்டா மாநிலத்திலிருந்து அப்பாவோடு வந்தவள். அப்பா ஆன்சல் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், மீதி நேரத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிப்பார். என் மகளும் அவளும் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டார்கள். பள்ளி விட்டால் ஒருத்தியின் பையை இன்னொருத்தி தூக்கிக்கொண்டு வருவாள். என் மகளுக்கு ஒரு தோழி வேண்டும் என்று வருஷக்கணக்கில் ஆசைப்பட்டவள் நான். ஒருத்தி கிடைத்ததும், கணக்கில் ஒருத்திதானே என்று தோன்றியது.

ஏழாவது பிறந்தநாளுக்கு, பந்து உருட்டி விளையாடும் ஊர்ப் பவுலிங் கூடத்தை முழுதாக எடுத்தேன். கடல்கன்னி அலங்காரம். பச்சையும் நீலமுமாகப் பலூன் வளைவு, சிப்பி வடிவத் தட்டுகள், மேபெலுக்கு மின்னும் வால் வைத்த உடை. எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமானால் இரண்டு நாள் வண்டி ஓட்ட வேண்டும்.

"இது பொறந்தநாளா, கல்யாணமா?" என்று என் கணவர் கர்ட் கேட்டார். "நம்ம ஏரியில ஒரு மீனைப் பிடிச்சு நடுவுல வெச்சா போதாதா?"

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அழைப்பு அனுப்பி ஒரு வாரம் ஆகியும் பதில் வரவில்லை. திங்கள்கிழமை மேபெலின் பையில் ஒரு தாள் கிடந்தது. கிரேயானில் வரைந்த குதிரை, அதன் கீழே ஓபலின் பிறந்தநாள் அழைப்பு. அதே சனிக்கிழமை, அதே இரண்டு மணி. இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்களாம். அதைக் கண்டுபிடித்ததில் மேபெலுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்மா, நான் ஓபல் வீட்லயே கொண்டாடிக்கிறேனே. அவங்ககிட்ட நெஜக் குதிரை இருக்கு."

"நமக்குத்தான் கூடமெல்லாம் எடுத்தாச்சே, கண்ணு."

"அப்ப அவளையும் இங்க கூப்பிடும்மா. ரெண்டு பேரும் சேர்ந்து ஊதறோம்."

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை. இரண்டு பெயரை எழுத அந்தக் கேக்கில் இடம் இல்லை என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மூன்று அடுக்குக் கேக்கு, நினைவிருக்கட்டும்.

அன்று சாயங்காலம் ஜோலீன் போன் செய்தாள். "ஏய் ப்ரிட்டா, தப்பா நெனச்சுக்காதடி. குதிரைன்னு கேட்டதும் எங்க வீட்டுப் பசங்க ஒரே ஆட்டம். உனக்கும் எப்படியும் நாலஞ்சு பேர் வருவாங்க, கவலைப்படாத."

"அதெல்லாம் பரவாயில்ல. எனக்கு ஒண்ணுதான் புரியல. ஸ்கூல் வருஷம் பாதியில ஒரு மனுஷன் எதுக்கு ஊரை விட்டு வரணும்? அந்தப் பொண்ணோட அம்மா எங்க?"

ஜோலீன் உடனே கேட்டாள். "ஏன், உனக்கு ஏதாவது தெரியுமா?"

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. சும்மா கேட்டேன்."

எனக்குத் தெரியும். ஊருக்கு வந்த வாரமே பள்ளி வாசலில் ஆன்சலே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவி பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த வீட்டில் இருக்க முடியவில்லை என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டார். பெண் குழந்தைக்குப் பனிக்கால பூட்ஸ் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். நானும் கடை சொன்னேன். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள் என்றும் சொன்னேன்.

அந்த வாரம் பதினோரு தாய்மார்களுக்குப் போன் செய்தேன். எல்லோரிடமும் அதே கேள்விதான். பொய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதில் மிகவும் கவனமாக இருந்தேன். ஐந்தாவது போனுக்குள் கேள்வி நன்றாகப் பழகிவிட்டது. 'அம்மா' என்ற சொல்லுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, 'எங்க' என்று தணிந்த குரலில் கேட்டால் நன்றாக வேலை செய்தது. மீதி எட்டு வீடுகளுக்கு அது தானே நடந்து போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை மளிகைக்கடையில் பில் போடும் பெண் என்னிடம் தாழ்ந்த குரலில், "அந்த பஸ் டிரைவர் டகோட்டாவுல ஜெயில்ல இருந்தவராமே, தெரியுமா?" என்றாள். அப்படியா என்று கேட்டேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன், நம்புங்கள்.

சனிக்கிழமை பத்தொன்பது குழந்தைகள் வந்தார்கள். வகுப்பில் ஓபலைத் தவிர எல்லோரும். பலூன் வளைவின் அடியில் நின்று ஒவ்வொரு தாயையும் வரவேற்றேன். மேபெலின் உடையில் இருந்த வால் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் அவளால் பந்து வீச முடியவில்லை. நடக்கவும் முடியவில்லை, தத்தித் தத்திப் போனாள். கடல்கன்னிக்குக் கால் கிடையாது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

"ஓபல் எப்ப வருவா?" என்று கேட்டாள்.

"வருவா, வருவா. போய் விளையாடு" என்றேன்.

இரண்டரை மணி வாக்கில் அவள் வாலைக் கழற்றி மேசைக்கு அடியில் போட்டுவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போயிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. வளைவில் இரண்டு பலூன் வெடித்துவிட்டன, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பத்துக்கு என் போன் அடித்தது.

"மேபெல் அம்மாங்களா? நான் ஓபல் அப்பா பேசறேங்க. பயப்படாதீங்க, பாப்பா இங்கதான் இருக்கா. ரோட்டோரமா தனியா நடந்து வந்துட்டிருந்தா, பாத்து வண்டியில ஏத்திக்கிட்டேன். இப்பவே கொண்டாந்து விட்டுரட்டுங்களா?"

பின்னால் இரண்டு சிறுமிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

"வேற பசங்க யாரும் வரலீங்க" என்றார். "எங்க பொண்ணு காலையிலேர்ந்து வாசல்கிட்டயே நின்னுட்டிருந்தா. இப்பத்தான் சிரிக்கிறா."

"இருக்கட்டுங்க. அங்கயே கேக் சாப்பிடட்டும். நாலு மணிக்கு நானே வந்து கூட்டிக்கிறேன்" என்றேன்.

அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த இரண்டு நிமிஷமும் நான் நல்லவளாக இருந்தேன் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. அவர் கொண்டுவந்து விட்டால் அத்தனை தாய்மார்கள் முன்னால் உள்ளே வருவார். யாராவது ஒருத்தி அந்தக் கேள்வியை அவரிடமே கேட்டுவிடுவாள். அவரும் பதில் சொல்லிவிடுவார். அதற்காகத்தான் வர வேண்டாம் என்றேன். பிறந்தநாள்காரி இல்லாமலே கேக்கை வெட்டிவிடலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். நான் போட்ட திட்டங்களில் அதுதான் மட்டமானது.

மெழுகுவத்தி ஏற்றியதும் ஜோலீன் கேட்டாள். "மேபெல் எங்கடி?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இன்னொரு பிறந்தநாளுக்குப் போயிருக்கிறாள் என்று ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள். சொந்தப் பிறந்தநாளிலிருந்தே ஓடிப்போனவளின் அம்மா என்று ஒரு வருஷம் பேசியிருப்பார்கள்.

"தெரியலயே" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். மற்றதை ஜோலீன் பார்த்துக்கொண்டாள். அவள் போட்ட அலறலில் ஐந்து நிமிஷத்தில் உங்கள் ஆட்கள் வந்தார்கள். சந்தேகப்படும்படி யாராவது தொடர்புகொண்டார்களா என்று கேட்டார்கள். போனில் அந்த அழைப்பு பதிவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால், "ஓபலோட அப்பா போன் பண்ணாரு. பார்ட்டி எத்தனை மணிக்கு முடியும், மேபெல் எங்க இருக்கான்னு கேட்டாரு. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு" என்றேன்.

"ஊர்ல பேசிக்கிறாங்களே, அந்த ஆளா?"

"அவரேதான்" என்றேன்.

ஆன்சல் வீட்டுக்கு நானும் உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேபெல் குதிரை மேல் இருந்தாள். ஓபல் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள். அவரைச் சேற்றில் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டியபோது இரண்டு குழந்தைகளும் பார்த்தார்கள். அவர் திமிறவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்கம்மா" என்றார். நான் மேபெலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேபெல் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னாள். போலீஸிடம் சொன்னாள், வக்கீலிடம் சொன்னாள், குழந்தைகள் மனநல ஆலோசகரிடம் படமே வரைந்து காட்டினாள். ரோடு, வண்டி, காதில் போன் வைத்திருக்கும் ஓபல் அப்பா. நான் ஆலோசகரைத் தனியாகப் பார்த்தேன். என் மகள் தோழிகள் இல்லாமல் வளர்ந்தவள், கதை கட்டுவாள், யார் அன்பாக இருந்தாலும் அவர்களைக் காப்பாற்றத் துடிப்பாள் என்றேன். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கும். கையெழுத்து அவருடையது, வாக்கியங்கள் என்னுடையவை.

ஆன்சலுக்கு வேலை போனது. ஜாமீனில் வந்தாலும் எந்தக் குழந்தையின் அருகிலும் போகக்கூடாது என்று உத்தரவு. சொந்த மகளும் அதில் அடக்கம். ஓபலை நான்கு மணி நேரத் தூரத்தில் யாரோ ஒரு குடும்பத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குதிரையை விற்றுவிட்டதாகக் கேள்வி. என்னைப் பெற்றோர் சங்கத்தில் துணைத் தலைவியாகப் போட்டார்கள். ஜோலீன்தான் என் பெயரைச் சொன்னாள். எழுந்து நின்று எல்லோரும் கைதட்டினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கண்ணீர் நிஜம்தான்.

மேபெல் இப்போதெல்லாம் என்னிடம் மிக மரியாதையாக நடந்துகொள்கிறாள். தட்டு வைத்தால் நன்றி சொல்கிறாள், அறைக்குள் வரக் கதவைத் தட்டுகிறாள். வாடகைக்கு இருப்பவள் மாதிரி. அடுத்த மாதம் எட்டு வயது. போன வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும், எது கேட்டாலும் செய்கிறேன் என்றேன்.

"ஓபல்" என்றாள்.

அதனால்தான் வந்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை, மனசாட்சி என்று பெரிய வார்த்தையும் சொல்ல மாட்டேன். குழந்தை கேட்டதை வாங்கிக் கொடுப்பது தாயின் கடமை. ஆன்சல் என் மகளைக் கடத்தவில்லை. நான் சம்மதித்துத்தான் அவள் அங்கே இருந்தாள். அதை மறைத்து அவரைச் சிறைக்கு அனுப்பினேன், என் மகளைப் பொய்க்காரி ஆக்கினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் காகித வேலையெல்லாம் பதினான்காம் தேதிக்குள் முடிந்துவிடுமா? இரண்டு குழந்தைகள் மட்டும், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். ஆன்சலையும் கூப்பிடப் போகிறேன். எதையும் மனதில் வைத்துக்கொள்கிற மனிதராக அவர் எனக்குத் தோன்றவில்லை.