மூடிய கிணறும் திங்கட்கிழமை பாட்டிலும்

தெளிந்து தெரியும் தண்ணீரிலும் ஒளிந்திருக்கும் கேட்டைக் கண்டறிந்து, முப்பத்தோர் ஆண்டுகள் முகத்துக்கு அஞ்சாமல் எழுதித் தந்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் நீர் ஆய்வக அம்மையே! நீரையும் நெறியையும் நேசித்த நல்லவரே! வணக்கம்.

தேநீர் டம்ளரைக்கூட ஆய்வுக் குடுவையைப் போல மூன்று முறை அலசுவீர்கள். உங்கள் கையால் தேநீர் வாங்கும்போதெல்லாம், அதற்கும் ஒரு அறிக்கை எழுதிவிடுவீர்களோ என்று நாங்கள் பயந்ததுண்டு.

சாயப்பட்டறைக்குப் பின்னால் உள்ள தெருவின் பொதுக்கிணறு கெட்டுவிட்டது என்று முதலில் சொன்னவரும் நீங்களே; அதை உடனே மூடாதீர்கள் என்று தடுத்தவரும் நீங்களே. "மூடுறது ஒரு நாள் வேலைங்க. மறுநாள் காலைல அவங்க எதைக் குடிப்பாங்க? முதல்ல குழாயைப் போடுங்க, அப்புறம் மூடுங்க" என்றீர்கள்.

நாங்கள் கேட்கவில்லை அம்மா. மகளின் பிரசவத்துக்காக நீங்கள் விடுப்பில் சென்ற இரண்டு வாரத்தில், ஆண்டறிக்கைக்கு ஆகட்டும் என்று இரும்பு மூடி போட்டுச் சிவப்புச் சாயமும் பூசினோம். சுற்றுச்சூழலைக் காத்தோம் என்று கேடயமும் வாங்கினோம். பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலை ஒட்டிக் குழி தோண்டி அந்தத் தெருவினர் குடிக்கத் தொடங்கினர். கிணற்றைவிடக் குழி மோசம். காமாலையில் இருவர் போனார்கள். வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்த நீங்கள் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. மூன்றாண்டுகளாகத் திங்கட்கிழமைதோறும் அந்தக் குழித் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கி, தேதி ஒட்டி, பொறியாளர் மேசையில் வைத்தீர்கள். அவரும் "டெண்டர் வரட்டும்மா" என்று அதைக் கேடயத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். குழாய் இன்னும் வரவில்லை.

உடல்நலமும் உள்ள அமைதியும் குன்றாமல், பேரக்குழந்தையோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். மனமார வாழ்த்துகிறோம்.

இத்துடன் முடித்திருப்போம். ஆனால் இன்று காலை, வாராவாரம் பாட்டிலை நிரப்பித் தரும் அந்தத் தெரு அக்கா பாட்டிலோடு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா போனப்புறம் இதை யார்கிட்டங்க குடுக்கணும்?"

நாங்கள் பதினான்கு பேர் நின்றிருந்தோம்.

இவண்,
கை நீட்டி அதை வாங்காத
தங்கள் அலுவலகத் தோழர்கள்