பேச்சிக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்தவருக்கு

எங்கள் அன்புக்கும் ஆதரவுக்கும் உரிய அட்டெண்டர் அருமைநாயகம் அவர்களே! முப்பத்துமூன்று ஆண்டுகளாக இந்தப் பல் மருத்துவமனையின் வாசலில், வீங்கிய கன்னத்தோடும் விம்மிய நெஞ்சோடும் வந்தவர்களை விரல்பற்றி அழைத்துவந்த வித்தகரே!

விடைபெறும் இந்நாளில் தங்கள் பணிச்சிறப்புகளை வரிசையாகச் சொல்வதே முறை. ஆனால் நீங்கள் ஒருநாளும் வாய்திறந்து சொல்லாத ஒரு நிகழ்ச்சி, சென்ற மாதம் நீங்கள் விடுப்பில் இருந்தபோது எங்களுக்குத் தெரியவந்தது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தன் மகளோடு வந்து உங்களைத் தேடிய பேச்சி என்ற பெண் சொன்னது அது. அதையே வாசிக்கிறோம், பொறுத்தருள்க!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தாம் ஆண்டு, ஆடி மாதத்துக் கர்க்கடக மழைக்காலம். பேச்சிக்கு எட்டு வயது. கடைவாய்ப் பல்லில் சீழ் கோத்து ஒரு பக்கக் கன்னம் பளபளவென்று வீங்கியிருந்தது. தாய் வடிவம்மாள் கொழுந்து பறிக்கும் வேலைக்கு ஒருநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவளைத் தேயிலை லாரியில் ஏற்றி, மலையடிவாரத்து வித்துராவில் இறங்கி, திருவனந்தபுரத்துக்குப் பஸ் பிடித்தாள். காய்ச்சலில் அந்தப் பயணம் பேச்சிக்கு உறக்கமாகவும் இருந்தது, விழிப்பாகவும் இருந்தது. மலை மேகத்துக்குள் கரைந்தது. மரங்கள் ஜன்னலோரம் நீந்திப் போயின. அம்மாவின் தோள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு மழைக்குள்ளிருந்து நகரம் மிதந்து வந்தது. மருத்துவமனைக்குள் எல்லாமே வெள்ளை; எங்கும் கிராம்புத் தைல வாசம். உள்ளறையில் ஏதோ யந்திரத்தின் ரீங்காரம், தூரத்தில் தோட்டத்து ஃபாக்டரி ஓடுவதுபோல் அவளைத் தாலாட்டியது. கண் சொக்கும் நேரத்தில் அந்த அறைக்குள் ஓர் ஆள் அலறினான்.

பேச்சி ஓடினாள்.

வெளிக்கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு மழையில் நின்றவளை வடிவம்மாளால் பிரித்தெடுக்க முடியவில்லை. வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சுக்கே ஆபத்து, இன்றே பல்லை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சேஷன் சொல்லியிருந்தார்.

"வலிக்காது தாயி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று தாய் கெஞ்சினாள்.

அப்போது குடையோடு நீங்கள் வந்தீர்கள்.

"வலிக்கும் மக்களே. நான் கள்ளம் சொல்லமாட்டேன். ஆனா சட்டுனு தீரும்."

அன்று காலையிலிருந்து அவளிடம் உண்மை பேசிய முதல் ஆள் நீங்கள்தான். பேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்களுக்குப் பல்லு புடுங்கியிருக்கா?"

"இல்லை." கன்னத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். "சொத்தைப் பல்லு ஒண்ணு கிடக்கு. எடுக்க எனக்கும் பேடி, பயமாக்கும்."

"அப்ப நீங்க மொதல்ல எடுங்க."

ஐயா! பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் பல் பிடுங்கும் அந்த நாற்காலியைத் துடைத்தவர் நீங்கள். ஒருமுறைகூட அதில் உட்கார்ந்தவரில்லை. அன்று குடையை வடிவம்மாள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தீர்கள். நிஜமாகவே உட்காருகிறாரா என்று பார்க்க, கம்பியை விட்டுவிட்டு அவளும் பின்னால் வந்தாள்.

"நாயகம், நீயா? ஆறு மாசமா கன்னத்தைப் பொத்திண்டு திரிஞ்சியே, இன்னிக்கு எங்கேந்து தைரியம் வந்தது?" என்றார் டாக்டர்.

ஊசி போட்டுக் காத்திருந்த நேரமெல்லாம் நாற்காலியின் கைப்பிடியை நீங்கள் விடவேயில்லை. குறடு உள்ளே போனதும் நீங்கள் அலறினீர்கள். வெட்கப்படாமல், வாய்விட்டே அலறினீர்கள். கண்ணில் நீர் வழிய, வாயில் பஞ்சோடு இறங்கி வந்தீர்கள்.

"வலிச்சுதா?"

"வலிச்சுது மக்களே. இப்போ தீந்துபோச்சு."

பேச்சி தானாகவே நாற்காலியில் ஏறினாள். அவளும் அழுதாள், ஆனால் அசையவில்லை. உங்கள் கை அவள் கைக்குள் இருந்தது. திரும்பும் பஸ்ஸில், வலியில் தொலைந்த நான்கு நாளைய உறக்கமெல்லாம் ஒன்றாக வந்து அவளை மூடியது. வித்துரா வந்ததையும், லாரி மலை ஏறியதையும், அம்மா தூக்கிச் சென்றதையும் அவள் அறியவில்லை.

அஞ்சாதவர்கள் அநேகர் இருக்கலாம்; அஞ்சியபடியே உள்ளே நடந்த அண்ணலே, எங்களுக்கு நீங்கள் போதும்! பாறசாலை இல்லத்தில் தங்கள் துணைவியார் ஜெயபாய் அம்மையாருடன் நோயின்றி நூறாண்டு வாழ்க! பேச்சிக்கு அன்று நீங்கள் தந்த அந்த உறக்கம் இனி ஒவ்வோர் இரவும் உங்கள் கண்களில் வந்து தங்குக!

இங்ஙனம்,
தங்களைப் பிரிய மனமில்லாத
பல் மருத்துவமனை ஊழியர்கள்,
திருவனந்தபுரம், 1986