வலது தோள்

அருள்தாஸ்: ...போதும், நிறுத்துங்க. கை ஏறல பெரியவரே. தோள்பட்டைதான் ஏறுது.

வேதகிரி: ரெண்டும் ஒண்ணுதானே டாக்டரு.

அருள்தாஸ்: நான் டாக்டர் இல்ல. பட்டாளத்து ஆஸ்பத்திரில எக்சர்சைஸ் கத்துக்கினு வந்தவன். கையைத் தளர வுடுங்க, நான் தூக்கறேன்... இங்கயா?

வேதகிரி: ஆ... அங்கதான்.

அருள்தாஸ்: நான் தூக்கினாலும் அதே எடத்துல நிக்குது. மூட்டு இறுகிப் போச்சு. இப்ப முதுகுப் பக்கம் கொண்டு போங்க. கோமணம் சொருவற மாதிரி.

வேதகிரி: ஆறு மாசமா வூட்டுக்காரிதான் சொருவி வுடறா. மானம் போவுது.

அருள்தாஸ்: எத்தினி வருசமா சாமி தூக்கறீங்க?

வேதகிரி: இருவத்திரெண்டு. கருட சேவைக்குப் பதினெட்டு நாள்தான் கீது. உங்க சீட்டு இல்லாம சாமி தூக்கற தண்டாண்ட வராதேன்றாங்க கோயில்ல. எதனால வந்துச்சுன்னும் அதுல எழுதணுமாம்.

அருள்தாஸ்: எதனால வந்துச்சு?

வேதகிரி: சாமி தூக்கித்தான்.

அருள்தாஸ்: துண்டை எடுங்க... காய்ப்பு எடது தோள்ல கீது, மாங்கொட்டை கணக்கா. நோவு வலதுல. சாமி தூக்கறது எப்பவும் எடதுதானா?

வேதகிரி: எங்கப்பா நிறுத்தின பக்கம். எடது சாமிக்கு. மாத்தினதே இல்ல.

அருள்தாஸ்: அப்ப வலதுல இன்னா தூக்கினீங்க?

வேதகிரி: பெட்டி... டிரங்குப் பெட்டி. தென்னேரில பொண்ணு வூட்டுக்கு.

அருள்தாஸ்: தனியாவா?

வேதகிரி: நாலு பேரு.

அருள்தாஸ்: டிரங்குப் பெட்டிக்கு நாலு பேரு.

வேதகிரி: ...வெயிட்டு.

அருள்தாஸ்: சரி, குனிங்க. எடது கையால மேஜையைப் புடிச்சிக்கினு வலதைத் தொங்க வுடுங்க. கெணத்து வாளி மாதிரி தானா ஆடட்டும், நீங்க தூக்காதீங்க... ஐப்பசி மழையிலயா?

வேதகிரி: ம்.

அருள்தாஸ்: மூச்சை அடக்காதீங்க.

வேதகிரி: ஏரி ரொம்பி வழியற கலங்கல்ல தொடை வரிக்கும் தண்ணி ஓடுது. நாலு பேர்ல ஒருத்தன் வழுக்கி வுழுந்துட்டான், பெட்டி சாயுது. நான் மம்பட்டியோட கரைமேல நிக்கறேன்... எப்பிடிப் பாத்துக்கினு நிக்கறது? கோணிப்பையைத் தலையில இழுத்து வுட்டுக்கினு எறங்கிட்டேன்.

அருள்தாஸ்: எவ்ளோ தூரம்?

வேதகிரி: கல்லறை வரிக்கும்.

அருள்தாஸ்: அரை மைலு... நடுவுல தோள் மாத்தியிருக்கலாமே.

வேதகிரி: எடது சாமிக்குன்னு சொன்னேனே. அதுல எப்பிடிப் பொணத்தை வெக்கறது? வலது பழகாத தோளு... பல்லைக் கடிச்சிக்கினேன். சீட்டுல எழுதிடாத தம்பி. நான் தூக்கினது உங்க தெருப் பொணப்பெட்டின்னு தெரிஞ்சா எங்காளுங்க தண்டைத் தொட வுட மாட்டாங்க. அப்பறம் எடதுக்கும் வேலை இல்ல.

அருள்தாஸ்: கெணத்தடியில வழுக்கினாருன்னு எழுதறேன். பதினெட்டு நாள்ல முழுசா வராது. தண்டைப் புடிக்கற ஒசரம் வந்தா போதும். காலையில உப்பு ஒத்தடம் குடுத்துட்டு, சுவத்துல வெரலை எறும்பு மாதிரி ஏத்துங்க. நோவு வந்தா நிறுத்துங்க. பல்லைக் கடிக்க வேணாம்.

வேதகிரி: யாரு பெட்டின்னு நீ கேக்கலியே.

அருள்தாஸ்: முன்னாடி தூக்கினது நான்தான். பின்னாடி ஒருத்தர் கடைசி வரிக்கும் தோள் மாத்தாம வந்தாரு. குழியாண்ட எறக்கிட்டுத் திரும்பினா ஆளைக் காணோம். அன்னையிலேர்ந்து வலது தோள் நோவுன்னு யார் வந்தாலும் கேட்டுக்கினுதான் கீறேன்... அது எங்கம்மா, பெரியவரே.

வேதகிரி: தெரியும்பா. அதான் உங்கிட்ட வர ஆறு மாசம் ஆச்சு.