ஈரத்துணியில் ஒருத்தி

— மறுபடியும் கேக்கறேன், நல்லமுத்தண்ணே. என் மாமியார் உங்களை வந்து பாத்தாங்களா, இல்லையா?

— அட ராமா! கிராணியாரே, உங்க மாமியார் கறுப்பா செவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. மொதல்ல வெயில்ல நிக்காம உள்ள வாங்க. சைக்கிள அந்தக் கம்பத்துல சாத்தாதீங்க. எங்க வீட்டம்மா படத்துணிய அலசிட்டு வர ஆத்துக்குப் போயிருக்கா. வந்தா அங்கதான் காயப்போடுவா.

— உக்கார வரல.

— சரி, நில்லுங்க. காப்பியாவது சொல்றேன். லூபோக் சீனா பாசார்ல வேற ஒண்ணும் சரியில்ல, காப்பி மட்டும் நல்லாருக்கும்லா.

— சனிக்கெழம எங்க தோட்டத்துல படம் காட்டினீங்க.

— காட்டினோம். தெடல்ல ரெண்டு மரத்துக்கு நடுவுல துணி கட்டி. தொரையே நாற்காலி போட்டு உக்காந்தாரு. பேசாத படம். துணிக்குப் பக்கத்துல நின்னு நான்தான் வாய் குடுத்தேன். புருஷன் பேசினாலும் நான்தான், பொண்டாட்டி பேசினாலும் நான்தான், நாய் கொலைச்சாலும் நான்தான்.

— கடைசியில அந்தப் பொண்ணு பேசினது?

— அதுவும் நான்தான். வேற யாரு?

— என்ன பேசினீங்க?

— அதெல்லாம் மனப்பாடமா பண்ணுவாங்க? வாயில வர்றதுதான். அடுத்த ஊர்ல வேற வரும்.

— எனக்கு மனப்பாடம். “இடுப்பு கனக்குதுங்க. ஒரு கை புடிங்க. பெரட்டு மணி அடிச்சா அடிக்கட்டும், நீங்க போகாமயா பேர் கூப்பிடப் போறாங்க?”

— ம். நல்லாத்தான் இருக்கு. நானா சொன்னேன்?

— படத்துல ஜமீன் வீடு. தூணு, ஊஞ்சல். அங்க ஏது பெரட்டு?

— ஓ, அதுவா! அது தொழிலு, கிராணியாரே. மலாக்கா டவுன்ல காட்டினா அந்த ஜமீந்தார் காலையில ஆபீசுக்குப் போவாரு. கடலோரக் கம்போங்ல காட்டினா வலை வீசுவாரு. உங்க தோட்டத்துச் சனம் ஜமீனக் கண்டுச்சா? விடியாத நேரத்துல வரிசையில நிக்கவச்சுப் பேர் கூப்பிடற பெரட்டுன்னு சொன்னாத்தான் அதுங்களுக்கு ஒறைக்கும். போன மாசம் ஒரு ராணிய ரொட்டி சானாய் சுட வச்சேன்.

— பேர் கூப்பிடறவன் என்னை மாதிரி தோட்டக் கணக்கெழுதற கிராணி. ஜமீந்தார் இல்ல.

— ...ஆமா. அது எப்படி வந்துச்சோ.

— எங்க மாமியார் சொல்லிக்குடுத்து வந்துச்சு.

— ஆண்டவன் சத்தியமா இல்ல! என்னதான் சங்கதி? கோவமா வந்திருக்கீங்கன்னு தெரியுது. எதுக்குன்னு தெரியல.

— என் பொஞ்சாதி கோமளா. மாசி மாசம் தவறிட்டா.

— ஐயையோ. எனக்கு யாரும் சொல்லலியே.

— முழுகாம இருந்தா. அன்னைக்கு வீட்டுக் குழாயில தண்ணி வரல. பால்மரம் வெட்டறவங்க லயத்துக் குழாயில புடிச்சுக்கிட்டு மேட்டுல ஏறி வந்தா. வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொன்னா. அதே வார்த்தை. மணி அடிச்சுட்டாங்க, வந்து புடிக்கறேன்னு சொல்லிட்டு நான் போயிட்டேன்.

— ம்.

— திரும்பி வர்றப்ப படியில கெடந்தா.

— உக்காருங்க தம்பி. கிராணியார்னு சொல்லல, தம்பின்னு சொல்றேன். உக்காருங்க.

— அவ பேசினப்ப வாசல்ல யாரும் இல்ல. குஞ்சம்மா, எங்க மாமியார், அடுப்படியில இருந்தாங்க. அவங்க காதுல விழுந்திருக்கலாம். அவங்கதான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். வேற வழி கிடையாது.

— பெத்தவ எதுக்கு அதப் போயி ஒரு படக்காரன்கிட்ட சொல்லணும்?

— சுமைதாங்கிக் கல்லு கேக்கறாங்க.

— ஓ... வயித்துச் சுமையோட போன பொண்ணுல்ல. ஆமா, நடணுமே. இன்னும் நடலியா?

— நீங்களுமா?

— எங்க ஊர்ப்பக்கம் விடமாட்டாங்க தம்பி. ரெண்டு கல்லு நட்டு, மேல ஒரு கல்லப் படுக்கப் போடுவாங்க. வழியில போறவன் தலைச்சுமைய அதுல எறக்கி வச்சு மூச்சு விடுவான்ல, அப்பல்லாம் அந்தப் பொண்ணோட சுமையும் எறங்கும். இல்லாட்டி தூக்கிக்கிட்டே அலைவாம்பாங்க.

— அதையேதான் அவங்களும் சொல்றாங்க. ரப்பர்ப் பால் வாளி தூக்கிட்டு வர்ற சனம் எறக்கி வைக்கட்டும், மேட்டுலயே நடுங்கன்னு. நான் முடியாதுன்னுட்டேன். காலேஜ்ல படிச்சவன் கல்லு நட்டு, அதுல அவ வந்து எறக்கி வைப்பான்னு நம்பணுமா? செத்தவ செத்தவதான்.

— பின்ன இப்ப எதுக்கு ஓடி வந்தீங்க?

— நாளைக்கு தம்பின் ஸ்டேஷன்ல ரயில். பினாங்குல ஊருக்குக் கப்பல். வேலைய விட்டுட்டேன், இனி இந்தப் பக்கம் வரப்போறதில்ல. மாமியார் சொல்லிக்குடுத்துத்தான் பேசினேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் பேசாம ரயிலேறிடுவேன்.

— இல்லாட்டி?

— இல்லாட்டி போக முடியாது.

— அப்படியா. சரி, அப்போ ஆமான்னே வச்சுக்குங்க. வந்தாங்க, சொன்னாங்க, நான் பேசினேன். சுடா, முடிஞ்சுச்சு. போயிட்டு வாங்க.

— வச்சுக்க வேணாம். நடந்தத சொல்லுங்க.

— நடந்தது என்னத்த சொல்றது! இந்தப் படத்த நான் ரெண்டு வருஷமா சொல்றேன். சண்டை கிடையாது, மாயம் கிடையாது, குதிரை கிடையாது. ஒரு பொம்பள, அவள வெரட்டி விட்ட வீடு, அவ்ளோதான். அந்த பம்பாய்க்காரி ஒருத்திதான் மொத்தப் படத்தையும் தூக்கிட்டுப் போறா. வாயத் தெறந்து கத்தமாட்டா, மாருல அடிச்சுக்கமாட்டா. கழுத்துல ஒரு நரம்பு அசையும், நாம செத்தோம். முதுகக் காட்டிக்கிட்டு நிப்பா, முதுகு அழும். சும்மா நின்னே நடிக்கிறவளுக்கு நான் என்னத்தப் பேசறது? அவ கேக்காம நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. கடைசி ரீல்ல கெணத்துலருந்து கொடத்தத் தூக்கிட்டு வருவா. புருஷன் கதவத் தெறக்கமாட்டான். வாசல்லயே விழுவா. இடுப்புல கொடம் இருக்கு, அதனால இடுப்பு கனக்குதுன்னேன். எவன் சொன்னாலும் அதத்தான் சொல்லுவான்.

— எந்த இடுப்புல?

— வலது இடுப்புல. பித்தளைக் கொடம்.

— நான் பாத்தது எடது இடுப்பு.

— அப்படிச் சொல்லுங்க! நீங்க துணிக்குப் பின்னால உக்காந்திருப்பீங்க. துணிய நனைச்சுக் கட்டினா படம் ரெண்டு பக்கமும் தெரியும். பின்னால இருக்கிற சனத்துக்கு எல்லாரும் எடதுகைக்காரங்க. போன வாரம் ஒரு தாத்தா, என்னப்பா கல்யாணத்துல மாப்ள எடது கையால தாலி கட்றான், வெளங்குமான்னு சண்டைக்கே வந்துட்டாரு.

— நான் முன்னால இருந்தேன். தொரைக்குப் பக்கத்து நாற்காலி.

— தொரைக்குப் பக்கத்துலயா? அங்க வலதுதான தெரியணும்?

— கோமளாவுக்கு எடது கைதான் பழக்கம்.

— இருட்டுல தடுமாறியிருப்பீங்க தம்பி.

— கொடமும் இல்ல. மண்ணெண்ணெய்த் தகரம். மேல கட்டை அடிச்சு, கை அறுக்காம இருக்க அந்தக் கைப்பிடியில துணி சுத்தியிருந்துச்சு. செவப்புத் துணி.

— செவப்பா?

— ஆமா.

— தம்பி, கறுப்பு வெள்ளைப் படத்துல செவப்பு எங்கருந்து வரும்?

— அதத்தான் நானும் இத்தன நாளா யோசிக்கறேன்.

— இருங்க. இருங்க. ஒண்ணு சொல்றேன், வெளிய போயி சொல்லிராதீங்க, பொழப்பு போயிரும். எனக்குக் கண்ணு தெரியாது.

— என்ன?

— பூ விழுந்துருச்சு. அந்த பம்பாய்க்காரியெல்லாம் கண்ணு இருந்தப்ப பாத்தது. வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது. நீங்க இப்ப எனக்கு வெள்ளையா ஒரு மூட்டை. துணியில யாரு வந்தா, எந்தக் கையில என்ன வச்சிருந்தான்னு நான் எங்க பாத்தேன்?

— பின்ன எப்படிப் படம் சொல்றீங்க?

— காதுலதான். எங்க வீட்டம்மா இருசம்மாதான் மெஷின் சுத்துவா. கோவம் வந்தா அவ கை வெரசாப் போகும், அழுகைக்கு மெதுவாப் போகும். அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டே நான் போயிருவேன். சனிக்கெழம கடைசி ரீல்ல அவ சுத்தின மாதிரி நான் கேட்டதே இல்ல. மூச்சு விட்ற மாதிரி. சத்தம்கூட லேசா இருந்துச்சு, எண்ணெய் போட்டிருப்பான்னு நெனச்சேன். பேச்சு அதுவா வந்துச்சு. சனம் அழுத அழுகையக் கேட்டீங்கல்ல? இந்தத் தொழிலுக்கு வந்து அப்படி ஒரு நாள் நான் பேசினதில்ல தம்பி. அன்னைக்கு நான்தான் அந்த பம்பாய்க்காரி.

— அந்த ரீலக் காட்டுங்க.

— பகல்லயா?

— மெஷின் வேணாம். வெயில்ல புடிச்சுப் பாத்தா தெரியும். அந்த நடிகை முகத்த ஒரு தடவ பாக்கணும். அது வேற பொம்பள, அது பித்தளைக் கொடம்னு என் கண்ணால பாத்துட்டா போதும். நாளைக்குப் போயிடுவேன்.

— அதுக்கென்ன, தாராளமாப் பாருங்க. உங்க மனசு ஆறினா சரி. அதோ, சத்தம் கேக்குதே, அவளேதான். இருசம்மா! அந்தக் கடைசி ரீல் டப்பாவ எடுத்தா.

— துணிய எறக்கி வைக்க விடுவீங்களா? ஈரத்துல கை ஒடியுது. யாரு வந்திருக்கா?

— சனிக்கெழம காட்டினோம்ல, அந்தத் தோட்டத்துக் கிராணியார்.

— ஓ. வாங்க.

— ரீல ஒரு தடவ பாக்கணும்னு வந்திருக்காரு. நாளைக்குக் கப்பலேறப் போறாரு. எடுத்துக் குடு.

— அது எதுக்கு இப்ப?

— அட, குடுன்னா குடு! அந்த பம்பாய்க்காரி மொகத்த அவர் பாக்கணும்.

— இல்ல.

— என்ன இல்ல?

— ரீல் இல்ல. புக்கிட் பெருவாங்ல காட்டி முடிச்சு, நீங்க சாப்பிடப் போனப்ப வெளக்குச் சூடு பட்டுத் தீப்புடிச்சுக்கிச்சு. முக்காவாசி போயிருச்சு. மிச்சத்த நான்தான் ஓடையில போட்டேன்.

— என்னடி சொல்ற? எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா ஒடைஞ்சு போவீங்க. அந்த ஒரு ரீலுக்காகத்தான நீங்க இந்தப் படத்தையே வச்சிருக்கீங்க.

— அம்மா, புக்கிட் பெருவாங்ல காட்டினது எப்ப?

— உங்க தோட்டத்துக்கு வர்றதுக்கு மொத வாரம்.

— அப்போ சனிக்கெழம கடைசியில ஓடினது?

— ஒண்ணும் ஓடல.

— இருசம்மா, வெளையாடாத. நான் பேசினேன்லா. சனம் அழுதுச்சுலா.

— பேசினீங்க. அழுதுச்சு.

— எதப் பாத்து?

— எனக்கென்ன தெரியும். மெஷின்ல படம் இல்ல. வெறும் வெளக்குதான். துணி வெள்ளையா இருந்துச்சு.

— படம் இல்லேன்னா நிறுத்தியிருக்கலாமே. அவ்வளவு நேரம் எதுக்கும்மா சுத்தினீங்க?

— மொதல்ல இவரு மானத்துக்காகத்தான். சத்தம் நின்னா இவருக்குப் பேச்சு நின்னுரும். தொரை முன்னால, அத்தன சனத்து முன்னால, கண்ணு தெரியாத மனுஷன் முழிச்சுக்கிட்டு நிப்பாரேன்னு சுத்தினேன்.

— மொதல்லன்னா? அப்பறம்?

— அப்பறம் எப்படி தம்பி நிறுத்தறது? செவப்புத் துணி சுத்தின அந்தத் தகரத்த அந்தப் பிள்ள இன்னும் எறக்கி வைக்கலியே.