பெரிய ஆளை நிறுத்தியவள்

"பெரிய ஆளு ஒருத்தர போன வாரம் தூக்கிட்டேன் பாவா."

திருத்தணியில் கிளம்பிய காலை மின்சார ரயிலில், எதிர் இருக்கைப் பெண் தன் அக்கா கணவரிடம் சொன்னாள். நான் செய்தித்தாளைத் தாழ்த்தினேன்.

"ஆபீஸ்லேந்தா?"

"இல்ல பாவா, இன்டர்நெட்ல. புரோகிராம் எழுதறவங்க சந்தேகம் கேக்கற இடம். அங்க சண்டை வராம பாத்துக்கறது நானு. அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், முக்காவாசி பதில் அவருதான் சொல்வாரு. ஆனா புதுசா வர்றவங்கள, உனக்கெல்லாம் எதுக்கு கம்ப்யூட்டர்னு திட்டிக்கினே இருப்பாரு. ஒரு பொண்ணு, இனிமே வரமாட்டேன்னு எனக்கு எழுதிச்சு. அன்னிக்கே அவர நிறுத்திட்டேன்."

"அப்புறம் பதில் யாரு சொல்றது?"

"எல்லாரும் அதத்தான் கேட்டாங்க. எனக்கும் பயந்தான். ஆனா இத்தினி நாளு அவருக்குப் பயந்து சும்மா இருந்தவங்க எல்லாம் இப்ப பதில் எழுதிக்கினு இருக்காங்க. ஒரு கேள்விகூட பதிலில்லாம நிக்கல."

"அந்தப் பொண்ணு?"

"திரும்பக் கூப்பிட்டேன், வந்துச்சு. நேத்து யாருக்கும் புரியாத கேள்வி ஒண்ணு. அந்தப் பொண்ணுதான் தீத்து வெச்சுது. எல்லாரும் நன்றி சொல்லிக்கினு இருக்காங்க."

ரயில் அரக்கோணத்துக்குள் நுழைந்தது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அதெல்லாம் அந்த ஆளு பாக்க முடியாதில்ல?"

"ஆங், நல்லா பாக்கலாம் பாவா. எழுத மட்டுந்தான் முடியாது."